மடிக்கிற கை எழுதினா என்னா?

ஆவடியில் ஒரு நூல் அறிமுகக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கல்யாண மண்டபத்து மேல்மாடி. மேடையில் ஒரு மூத்த எழுத்தாளர். பெயர் வேண்டாம். ஆள் நல்லவர்தான், நம் போராட்டங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்தான். பேச்சு நடுவே சொன்னார்: "இப்பல்லாம் யார் வேணா கைக்காசு போட்டு புத்தகம் போட்டுடறாங்க. காசு குடுத்துப் போடறதெல்லாம் இலக்கியம் ஆயிடாது."

கூட்டம் சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பொண்ணு மட்டும் சிரிக்கலை. அவ பையிலே கதை எழுதின ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கு, எனக்குத் தெரியும். கூட்டம் கலைஞ்சு படி இறங்கும்போது கேட்டா: "அக்கா, அப்ப நாம போட்டா அது புத்தகம் இல்லியா?"

அன்னைக்கு சட்டுன்னு பதில் வரலை. மைக்கும் நம்ம கையிலே இல்லே. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடணும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பைண்டிங் கம்பெனியில் எனக்கு மடிப்பு வேலை. பத்தொன்பது வருசம் ஆச்சு. ஒரு தாளை மூணு மடிப்பு மடிச்சா 16 பக்கம். அது ஒரு ஃபாரம். பத்து ஃபாரம் சேர்ந்தா 160 பக்கத்துப் புத்தகம். ஆயிரம் பிரதின்னா பத்தாயிரம் தாள், 20 ரீம். கழிவு தனி. நீங்கள் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிற இலக்கியத்தில் பாதி, எங்களை மாதிரிப் பொம்பளைங்க விரலுக்கு நடுவே போய்த்தான் உங்கள் வீட்டுக்கு வந்தது. பேரப்பசங்க முதல் பாட்டி வரை மடிச்சிருக்கோம். புத்தகத்தின் உள்பக்கத்தில் எழுதியவர் பெயர் இருக்கும், வெளியிட்டவர் பெயர் இருக்கும், அட்டைப்படம் வரைந்தவர் பெயர் இருக்கும், அச்சிட்ட இடம் இருக்கும். மடிச்சவ பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அது போகட்டும். ஆனா மடிச்சவ எழுதவும் கூடாது என்கிறபோதுதான் சண்டை வருது.

மேடையிலிருந்து பார்த்தால் தெரியாத சிலது மடிப்பு மேசையிலிருந்து பார்த்தால் தெரியும். "மூன்றாம் பதிப்பு" என்று விளம்பரம் வரும். எங்களிடம் வந்தது மிச்சமிருந்த பழைய ஃபாரம், அதுக்குப் புது ராப்பர். "ஆயிரக்கணக்கில் விற்பனை" என்பார்கள். நாங்க எண்ணிக் கட்டுப் போட்டது முந்நூறு. முதல் புத்தகம் எழுதின ஒருத்தருக்கு ஃபாரம் வந்து, தைச்சு, அட்டை ஒட்டி, மூணு வாரத்தில் புத்தகம் வெளியே போகும். யார் என்று கேட்டால் யாருக்கோ மருமகன், யாருக்கோ கூடப் படித்தவர், ஏதோ ஒரு பத்திரிகையில் பக்கம் கையில் வைத்திருப்பவர். இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். எண்ணிக்கைக்கு ஏது பொறாமை?

என் கதைகளைக் கேளுங்க. பதினோரு கதை. பூந்தமல்லி ரோட்டோரத்துச் சேரியிலே எங்க ஆயா காலத்திலே நடந்தது, எஸ்டேட்டிலே லாக் அவுட் ஆனப்போ நடந்தது, ஆவடி பாக்டரி குவார்ட்டர்சிலே வீட்டு வேலைக்குப் போனவ கதை. 2017இல் நகரத்துக்குள்ளே இருக்கிற ஒரு பதிப்பகத்தில் கொடுத்தேன். பெயர் எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் அது ஒரு ஆளோட குற்றம் ஆகிவிடும், இது ஒரு ஆளோட குற்றம் இல்லை. பதினாலு மாசம் கழித்து பதில் வந்தது. மூணு விஷயம் சொன்னாங்க.

ஒண்ணு, பெரிய எழுத்தாளர் யாரிடமாவது அணிந்துரை வாங்கிட்டு வாங்க. ரெண்டு, அச்சுச் செலவில் ஒரு பங்காக 40 ஆயிரம் நீங்க போடணும். மூணு, மொழியைக் கொஞ்சம் சரி பண்ணணும். கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாங்க. பென்சிலால் பக்கத்துக்குப் பக்கம் திருத்தம். நான் "கீது" என்று எழுதிய இடமெல்லாம் "இருக்கிறது". "இட்டாந்தான்" என்பது "அழைத்து வந்தான்". எங்க ஆயா சாவுற நேரத்திலே பேசின பேச்சைக்கூட வானொலிச் செய்தி மாதிரி ஆக்கி வெச்சிருந்தாங்க. ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை: கொச்சை.

இங்கேதான் நாம் நின்று கேட்கணும். கொங்குப் பேச்சை எழுதினால் வட்டார இலக்கியம். நாஞ்சில் நாட்டுப் பேச்சு வட்டார இலக்கியம். கரிசல்காட்டுப் பேச்சுக்கு அகராதியே போட்டாச்சு, நல்ல காரியம்தான். மெட்ராஸ் சேரிப் பேச்சுக்கு மட்டும் ஏன் கொச்சை என்று பெயர்? இதுவும் ஒரு வட்டாரம்தானே? கொரட்டூர், பாடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி என்று லட்சக்கணக்கான வாய் பேசுகிற மொழிதானே? சினிமாவில் இதே மொழி வந்தால் சிரிப்பு வருது, ஏன்னா அங்கே பேசுறவன் காமெடியன், இல்லேன்னா ரவுடி. கதையில் அதே மொழியை ஒரு தாய் பேசினால், அழுதால், யோசித்தால், அது இலக்கியத்தில் சேராது. மொழியைப் பார்த்துக் கொச்சை என்கிறார்களா, வாயைப் பார்த்தா?

அடுத்தது காசு. மேடையில் "காசு கொடுத்துப் போடுவது இலக்கியம் இல்லை" என்கிறார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து 40 ஆயிரம் கேட்கிறார்கள். அதே காசை அவர்களிடம் கொடுத்தால் அது "பதிப்பகம் வெளியீடு". நேரே அச்சகத்தில் கொடுத்தால் "கைக்காசு போட்டது". அப்போ அசிங்கம் காசிலே இல்லே. காசு யார் கை வழியாப் போகுது என்பதிலேதான் இருக்கு.

இப்ப அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்றேன்.

1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கினார். அதுக்கு விளம்பரம் போடச் சொல்லி திலகரின் 'கேசரி'யிடம் கேட்டபோது, காசு தருகிறோம் என்று சொல்லியும் மறுத்தார்கள். இரவல் கேட்கலை, இலவசம் கேட்கலை, விளம்பரக் கட்டணம் கட்டுகிறோம் என்றுதான் கேட்டது. 1936இல் லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பயந்து, மாநாட்டையே ரத்து செய்தது. அம்பேத்கர் என்ன செய்தார்? தன் சொந்தச் செலவில் 1500 பிரதி அச்சடித்தார். ரெண்டே மாசத்தில் தீர்ந்தது. அதுதான் 'சாதி ஒழிப்பு'. தமிழில் பெரியார் 'குடி அரசு'வில் அந்த வருசமே வெளியிட்டார். நம் கையில் இருக்கிற மிக முக்கியமான புத்தகம், தோழர்களே, கைக்காசு போட்டு அச்சடித்த புத்தகம். அது புத்தகமா இல்லையா என்று அந்த மூத்த எழுத்தாளர் சொல்லட்டும்.

இன்னொன்று. 1956 செப்டம்பரில், சாவதற்கு மூணு மாசம் முன்னால், அம்பேத்கர் பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு அச்சுச் செலவு ஏறத்தாழ 20 ஆயிரம் ரூபாய், என் சக்திக்கு மீறினது, அரசாங்கம் ஒரு 500 பிரதி வாங்கி நூலகங்களுக்கும், புத்தர் 2500ஆம் ஆண்டு விழாவுக்கு வரும் அறிஞர்களுக்கும் கொடுக்கலாமே என்று கேட்டார். நேருவின் பதில்: விழாவுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது, விழா நடக்கும்போது விற்பனைக்கு வைக்கலாம். அரசியல் சட்டத்தை எழுதியவர் கேட்ட நூலக ஆர்டர் இது. டிசம்பர் 6இல் அவர் போய்விட்டார். புத்தகம் 1957இல்தான் வந்தது. இந்தக் கதை தெரிஞ்ச பிறகு, என் பதினோரு கதையைத் திருப்பிக் கொடுத்ததுக்கு நான் எதுக்கு வெட்கப்படணும்?

தமிழிலும் இதே வழிதான். 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வெச்சு நாலு பக்கத்தில் மாத இதழ் தொடங்கினார். சீக்கிரமே வார இதழாச்சு. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். எவரும் அவர்களுக்குப் பக்கம் ஒதுக்கலை. பக்கத்தை அவர்களே உண்டாக்கினார்கள்.

கடல் தாண்டிப் போனால் யாழ்ப்பாணம். டொமினிக் ஜீவா முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்து, சலூனில் கத்தரி பிடித்துக்கொண்டே எழுதியவர். 'தண்ணீரும் கண்ணீரும்' கதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு வாங்கினார். பரிசோடு அவர் நிற்கவில்லை. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, சலூனிலேயே வேலை நடத்தி, கையில் தூக்கிக்கொண்டு போய் விற்று, நாற்பது வருசத்துக்கும் மேல் நடத்தினார். பண்டிதர்கள் இழிசனர் இலக்கியம் என்றார்கள். இழிசனர் இலக்கியம்தான் நிலைத்தது. மராத்தியிலே தயா பவாரின் 'பலூத' 1978இல் வந்தது கிரந்தாலி வழியாக. அது வாசகர்கள் சேர்ந்து நடத்தின ஓர் இயக்கம். பாமாவின் 'கருக்கு' 1992இல் மதுரையில் ஒரு சமூக ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. பெரிய இலக்கியப் பதிப்பகம் எதுவும் போடவில்லை. 2000இல் ஆங்கிலத்தில் வந்து கிராஸ்வேர்டு பரிசு வாங்கின பிறகுதான் பல பேருக்கு அது இலக்கியமாகத் தெரிந்தது.

நியாயத்தையும் சொல்லணும். கதவு திறந்த இடமும் உண்டு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் க்ரியா போட்டது, நன்றாகவே போட்டது. நாங்க வேலை செய்யிற இதே அம்பத்தூர் எஸ்டேட்டிலேதான் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இருக்கு. மலிவு விலையில் எத்தனையோ நல்ல புத்தகத்தை இந்தத் தலைமுறைக்குக் கொடுத்திருக்கு. எல்லாப் பதிப்பாளனும் எதிரி என்று நான் சொல்ல வரலை. நல்ல மனசு இருக்கிற ஒரு பதிப்பாளரை நம்பி ஒரு சமூகத்தோட கதை முழுக்கக் காத்துக்கிட்டு நிற்க முடியாது என்றுதான் சொல்றேன். பூமணியின் 'பிறகு' 1979இல் வந்த நாவல். அவருக்கு சாகித்ய அகாதெமி 2014இல். நடுவே முப்பத்தைந்து வருசம். அவர் தன்னை தலித் எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை, அது அவர் உரிமை. காத்திருந்த வருசம் மட்டும் மாறாது.

இனிமேல் சொல்றது நம்ம ஆட்களுக்கு. கோபப்படக் கூடாது.

நம்ம வாசலிலும் காவல் இருக்கு. 'கோவேறு கழுதைகள்' சேரிக்குள்ளே இருக்கிற சாதியைப் பேசியது, பறையருக்குத் துணி வெளுக்கிற குடும்பத்தின் கதையைச் சொன்னது. அதுக்காக நம் பக்கமிருந்தே கண்டனம் வந்தது. நம் அழுக்கை வெளியே காட்டலாமா என்று கேட்டோம். அந்தக் கேள்வியைக் கேட்ட நேரத்தில் நாமும் பென்சிலோடு உட்கார்ந்திருந்தோம்.

ரெண்டாவது, இயக்கத்துப் பத்திரிகைகளில் நானே கதை கொடுத்திருக்கேன். "கதை வேணாம்மா, உங்க வாழ்க்கையை எழுதுங்க" என்பார்கள். ஏன்? எனக்குக் கற்பனை கிடையாதா? எங்க வேதனையை வாக்குமூலமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். நான் ஒரு ஆம்பளையாக, ஒரு ஊர்த் தெரு நாட்டாமையாக, ஒரு பேயாகக் கதை எழுதினால் திகைக்கிறார்கள். மேல்சாதிக்காரன் எங்களைப் பற்றிக் கற்பனையாக எழுதலாம். நாங்க எங்களைப் பற்றி சாட்சி மட்டும் சொல்லணுமா? கோர்ட்டிலே கூண்டு ஏறுறது போதும். புனைகதை எங்க உரிமை.

மூணாவது, பொம்பளைங்க. கூட்டத்துக்கு நாற்காலி போட, துண்டறிக்கை மடிக்க எங்களைக் கூப்பிடுகிற தோழர், ஆசிரியர் குழுவுக்குக் கூப்பிட மாட்டேன் என்கிறார். வெளியே இருக்கிற வட்டத்தைத் திட்டிக்கொண்டே உள்ளே ஒரு வட்டம் போடுகிறோம்.

புது வழிகள் வந்தாச்சே, அப்புறம் என்ன என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். கிண்டிலில் தமிழ் 2016இலேயே வந்தாச்சு. பிரதிலிபி இருக்கு. தேவைக்கு அச்சிடும் முறையில் பத்து பிரதிகூடப் போடலாம். இதெல்லாம் நல்லதுதான். கட்டில் அடியில் முந்நூறு பிரதி கரையான் தின்னாது. ஆனா கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. கிண்டிலில் மாதச் சந்தா திட்டத்தில் வாசிக்கப்பட்ட பக்கத்தை எண்ணித்தான் காசு வரும். எண்ணுகிற ஆள் நீங்க இல்லே. அங்கேயும் நண்பர் வட்டம் மதிப்புரை எழுதி ஏற்றிவிட்ட புத்தகம்தான் மேலே வரும். வட்டம் இல்லாதவன் அங்கேயும் சேரியிலேதான். பத்து பிரதி போட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறும். எங்க தெருவிலே அந்த விலைக்கு யார் வாங்குவா?

நான் செஞ்சதைச் சொல்றேன். சரி தப்பு நீங்க பாருங்க. 2019இல் கூட வேலை செய்யிற ஆறு பேர் சீட்டுப் பணத்திலே கொஞ்சம் கடன் கொடுத்தாங்க. டிஜிட்டலில் 200 பிரதி. "கீது" "கீது"வாகவே இருந்தது. மடிப்பும் பைண்டிங்கும் ஷிப்ட் முடிஞ்சு நாங்களே, முதலாளி அனுமதியோடதான். பன்னெண்டு பிரதிக்கு அட்டை தலைகீழா ஒட்டிட்டோம். வருசக்கணக்கா ஊரார் புத்தகத்தை ஒழுங்கா மடிச்சவளுக்குத் தன் புத்தகம்னு வந்ததும் கை நடுங்கிச்சு. புத்தகத்தைக் கடையிலே போடலை. கடைக்காரர் 35 சதம் கழிவு கேட்டார், விற்ற காசு எப்ப வரும் என்று சொல்ல மாட்டேன் என்றார். ஏப்ரல் 14இல் அம்பேத்கர் சிலைக்கிட்டே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷன் வெளியே, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலே, ஒரு காரியத்து வீட்டிலே, ஒரு மஞ்சள் நீராட்டிலே வித்தேன். ஏழு மாசத்திலே 163 பிரதி. கடன் அடைஞ்சது. ஒரு ஆட்டோக்காரத் தம்பி ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, "யக்கா, நாலாவது கதையிலே வர்றது எங்கம்மாவா?" என்று கேட்டான். எந்த அணிந்துரையும் எனக்கு இதைத் தராது.

ஆனா 163 போதுமா? போதாது. இதைத்தான் நான் தோழர்களிடம் சண்டை போட்டுச் சொல்லணும். தனியாப் போடுவது ஒரு தப்பித்தல்தான், தீர்வு இல்லை. நம்ம பங்கைக் கேட்காமல் ஓரமாப் போய்ச் சின்னதாக் குடிசை போட்டுக்கொள்வது அது. பங்கு எங்கே இருக்கு என்று சொல்றேன்.

1948 நூலகச் சட்டப்படி தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூல் ஆகுது. ஒரு ரூபாய் வரிக்கு 10 காசு. அம்பத்தூரிலே, ஆவடியிலே, பூந்தமல்லியிலே வரி கட்டுகிற ஒவ்வொரு காலனி வீடும் இதைக் கட்டுது. வாடகை வீட்டுக்காரனும் வாடகையிலே கட்டுகிறான். அந்தக் காசிலேதான் பொது நூலகத்துக்குப் புத்தகம் வாங்குகிறார்கள். நூலக ஆர்டரை நம்பித்தான் பல பதிப்பகத்தின் கணக்கே ஓடுது. அப்ப நம்ம காசிலே யார் கதையை வாங்குகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கா இல்லையா? 2024இல் அரசு வெளிப்படையான கொள்முதல் கொள்கை என்று அறிவித்து, இணையம் வழியே விண்ணப்பம் என்றது. நல்லது. அப்ப நாம் விண்ணப்பம் போடணும். தேர்வான பட்டியலை வரி வரியாப் படிக்கணும். விடுபட்டால் ஏன் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கணும். ரேஷன் கடையில் அளவு குறைஞ்சா சண்டை போடுகிற நாம், இதிலே மட்டும் ஏன் சும்மா இருக்கோம்?

இன்னொரு சட்டமும் இருக்கு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகிற ஒவ்வொரு புத்தகத்தையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், வேறு மூன்று நூலகத்துக்கும் கொடுக்கணும். அதில் ஒன்று எழும்பூர் கன்னிமாரா. இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கட்டணமும் கிடையாது. நான் என் புத்தகத்தைக் கன்னிமாராவுக்கு எடுத்துட்டுப் போனேன். வாங்கிட்டு ரசீது கொடுத்தாங்க. கைக்காசா, பதிப்பகமா என்று ஒருத்தரும் கேட்கலை.

எழுதுவதோடு வேலை முடியாது. 2021 ஆகஸ்டில் தில்லி பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் தூக்கியது. உள்ளே போனதையும் வெளியே தள்ளுவார்கள். அதனால் இது ஒரு ஆளோட புத்தகக் கனவு இல்லே. மாணவத் தோழர்கள் தங்கள் துறையில் எந்தக் கதை பாடமாக இருக்கு, எது இல்லே என்று கேட்கிற வேலையும் இதில்தான் சேரும். நீலம், தலித் முரசு மாதிரி நம் ஆட்கள் உண்டாக்கின இடங்கள் இருக்கு. அவையும் எல்லாச் சுமையையும் தூக்க முடியாது. ஊருக்கு ஊர், தொழிற்பேட்டைக்குத் தொழிற்பேட்டை சின்னதா ஒரு அச்சு வேலை நடக்கணும்.

ஆவடியிலே என்னிடம் கேட்ட தங்கச்சி, உன் நோட்டை எடுத்துட்டு வா. அம்பத்தூர் ஓ.டி.யிலே ரெண்டாம் ஞாயிறு, மூணு மணிக்கு உட்கார்றோம். ஒருத்தர் கதையை எல்லாரும் சத்தமா வாசிப்போம். நல்லா இல்லேன்னா மூஞ்சிக்கு நேரே சொல்லுவோம்; வட்டத்து ஆள் என்று முதுகு தட்டுகிற வேலை இங்கே இல்லே. நாலு முறை திருத்தி எழுதணும். கீது கீதுவாகவே இருக்கும். ஆசிரியர் குழுவிலே பாதி பொம்பளைங்க, இது ஏற்கெனவே முடிவானது. ஆளுக்கு நூறு ரூபாய் முன்பணம், ஐந்து ஃபாரத்துக்கு மேல் போகாத தொகுப்பு, கையில் வெச்சு விற்கிற விலை. முதல் பிரதி கன்னிமாராவுக்கு, அடுத்தது நூலக விண்ணப்பத்துக்கு.

மடிப்புக்கு நான் இருக்கேன். கூலி உண்டு, கொஞ்சம் குறைச்சுக்கிறேன். ஓசியிலே உழைக்கிறதை எங்க ஆயாவோடே நிறுத்திட்டோம்.